ஒன்பதரை கிராம் தண்ணீர்

பெட்டி மூடவில்லை.

நூறு கிராம் வெள்ளிக் கட்டியை வைப்பதற்கென்றே செய்து தனியாக விற்கும், கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் பெட்டி அது. கட்டியை உள்ளே படுக்க வைத்து மூடியை அழுத்தினால் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். என்னிடம் இரண்டு கட்டிகள் இருந்தன. எட்டு மாதத்துக்கு முன் வாங்கியதற்குப் பெட்டி பூட்டியது. முந்தாநாள் கூரியரில் வந்ததற்குப் பூட்டவில்லை. மூடியின் இந்தப் பக்கத்தை அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்பியது.

கோளாறு பெட்டியில் இருக்கும் என்று கட்டிகளை இடம் மாற்றினேன். பழைய கட்டி புதுப் பெட்டியிலும் ‘டிக்’ என்றது. புதுக் கட்டி பழைய பெட்டியிலும் மூட விடவில்லை. அப்படியானால் கட்டியில்தான் ஏதோ இருக்கிறது.

மோகனாவின் தராசை எடுத்தேன். மோகனா என் மனைவி. கேக் செய்வதற்காக, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு வைத்திருக்கிறாள். பழைய கட்டி 100.0. புதுக் கட்டியும் 100.0. அடிக்கோலால் அளந்தேன். நீளத்திலும் அகலத்திலும் வித்தியாசமே இல்லை. இரண்டின் முகத்திலும் ஒரே எழுத்து, ஒரே 999 தூய்மை முத்திரை. புதியது ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடுதலாக இருப்பது போல விரலுக்குப் பட்டது. ஆனால் எடைதான் சரியாக இருக்கிறதே?

நான் மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கப் பெட்டி மூடி அனுப்புவதுதான் தொழில். மூடாத பெட்டியை விட்டுவிட்டுப் போக எனக்குக் கை வராது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல்கூட, காலை எட்டரை மணியிலிருந்து அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கட்டியை விற்ற யோகேந்திரனுக்கு முந்தாநாளே படம் அனுப்பிக் கேட்டிருந்தேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. “புது அச்சு ப்ரோ. விளிம்ப கொஞ்சம் தூக்கி வச்சிருக்காங்க, நடுவுல பள்ளம். நூறு கிராம் நூறு கிராம்தானே?”

பார்த்தால் நடுவில் லேசாகப் பள்ளம் இருக்கத்தான் செய்தது. அவன் சொன்னது மூளைக்குச் சரி என்று பட்டது. கைக்குப் படவில்லை.

யோகேந்திரனை நான் நேரில் பார்த்ததில்லை. கோலாலம்பூரில் ஆபீஸ் என்பான். ஆன்லைனில் வெள்ளி விற்பவன், வெளிச்சந்தையை விட ஏழு விழுக்காடு மலிவாக. முதலில் ஒரு கட்டியும் சின்ன வெள்ளிக் காசு ஒன்றும் வாங்கி, ஒரு மாதம் கழித்து அந்தக் காசை அவனிடமே திருப்பி விற்றுப் பார்த்தேன். பணம் அன்றே கணக்கில் ஏறியது. அதற்குப் பிறகுதான் ‘வெள்ளி நண்பர்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, தெரிந்தவர்களைச் சேர்த்து, அவனையும் நிர்வாகியாகப் போட்டேன். நடுவில் ஒரு தடவை நான் கை தவறிக் குழுவை விட்டு வெளியேறிவிட, அவன்தான் என்னை மறுபடி சேர்த்தான்.

வெள்ளியைச் சோதிப்பது எப்படி என்று அந்தக் குழுவில் பாடம் நடத்தியவன் நான்தான். காந்தம் வெள்ளியில் ஒட்டாது. ஆனால் கட்டியைச் சாய்த்துப் பிடித்து, வலுவான காந்தம் ஒன்றை அதன் மேல் விட்டால், தேனில் இறங்குவது போல மெல்ல மெல்லச் சறுக்கும். காந்தம் நகரும்போது உலோகத்துக்குள் மின்சாரம் சுழல்கிறது. அந்தச் சுழல் காந்தத்தைப் பிடித்து இழுக்கிறது. மின்சாரம் நன்றாக ஓடும் உலோகத்தில்தான் இப்படி நடக்கும். அதே போல, கட்டியின் மேல் ஐஸ் வைத்தால் கண் முன்னாலேயே உருகும். வெள்ளி சூட்டையும் அவ்வளவு வேகமாகக் கடத்துகிறது. இரண்டையும் வீடியோ எடுத்துப் போட்டேன். பதினான்கு பேர் பார்த்தார்கள். பதினான்கு பேரும் வாங்கினார்கள்.

அன்று காலையிலும் புதுக் கட்டியில் இரண்டையும் செய்து பார்த்தேன். காந்தம் தேனில் இறங்கியது. ஐஸ் உருகி மேசையில் ஓடியது.

“இன்னும் தூங்கலையா?” என்று மோகனா வந்து நின்றாள். “உங்க அக்கா மூணு தடவ போன் பண்ணிட்டாங்க. ஒரு மணிக்குள்ள பணம் கட்டணுமாம். நீங்க வந்துதான் போன்ல அமுக்கித் தரணுமாம்.”

“இந்தப் பெட்டி மூட மாட்டேங்குது.”

“ரப்பர் பேண்ட் போட்டு வைங்க.”

“அதுக்கில்ல. ஏன் மூடலன்னு தெரியல.”

அவள் என்னையே பார்த்தாள். “சந்தேகமா இருந்தா அக்காகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க.”

“என்னான்னு சொல்றது? பெட்டி மூடலன்னா?”

மோகனா மேசை ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

என் அக்கா குமுதவல்லிக்குப் போன மாதம் ஐம்பத்தைந்து வயது முடிந்தது. அந்த வயதில் சேமநிதிப் பணத்தை முழுசாக எடுக்கலாம். லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்து சேர்ந்தது முப்பதாயிரம் ரிங்கிட். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். லாபுவில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டத்தான் அவள் அந்தப் பணத்தை எடுத்தாள். ஆறு மாதம் வெள்ளியில் போட்டு வைத்தால் இன்னும் கொஞ்சம் நல்ல வீடாகப் பார்க்கலாம் என்று சொன்னவன் நான். முதலில் சோதனைக்கு ஒரு கட்டி வாங்க வைத்ததும் நான்தான். இப்போது மீதி முழுவதும். சலுகை விலை அன்று, வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணியோடு முடிகிறது என்று யோகேந்திரன் அறிவித்திருந்தான். அக்கா நேற்றே வங்கிக்குப் போய், ஒரே நாளில் அவ்வளவு பணம் அனுப்புவதற்கு வரம்பை உயர்த்தி வைத்துவிட்டாள்.

இரண்டு கட்டிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

சிரம்பான் நெரிசலைத் தாண்டுவதற்குள் போன் நாலு தடவை அதிர்ந்தது. சிக்னலில் நின்று பார்த்தேன். குழுவில் சித்திக் அண்ணன் குரல் அனுப்பியிருந்தார். எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். “வெள்ளிக்கிழம, வெள்ளி கட்டி, வெள்ளி வாங்குறோம். எது எந்த வெள்ளின்னு மலாய்க்காரன்ட்ட சொல்லிப் புரிய வைக்க முடியல, தம்பி.” எங்கள் ஊரில் ரிங்கிட்டுக்கும் வெள்ளி என்றுதான் பேச்சு. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “தொழுகைக்குப் போறதுக்குள்ள நானும் கட்டிடுறேன்.” அதன் கீழ் யோகேந்திரன் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டிருந்தான்.

சிக்னல் பச்சையானது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

பதினொன்றரை மணிக்குத் தோட்டத்து ஸ்டோரை அடைந்தேன். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள் அதைக் கொண்டுவந்து ஊற்றும் நேரம். அக்கா அங்கே கிராணி, பாலை நிறுத்துக் கணக்கு எழுதுகிறவள். நீல ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், காதோரம் செருகிய பேனா. என்னைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

“வந்துட்டியா? அப்படி ஓரமா நில்லு. ரெண்டே பேருதான் பாக்கி. போன் பேக்குல இருக்கு, எடுத்துத் தொறந்து வையி.”

“அக்கா, அதுக்கு முன்னால ஒண்ணு...”

“இரு லா. பால் கெட்டியாயிடும்.”

ராக்கம்மாவின் வாளி தராசில் ஏறியது. பதினெட்டு கிலோ. அக்கா ஒரு கரண்டிப் பாலை எடுத்து, இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டுக் கலக்கி, நீண்ட குவளையில் ஊற்றினாள். அதில் மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை மெதுவாக விட்டாள். அடியில் குண்டும் கழுத்தில் கோடுகளும் உள்ள குழாய் அது. கழுத்து வரை முங்கி நின்றது. எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினாள்.

அடுத்தது வீரமுத்து. அவன் வாளியும் பதினெட்டு கிலோ. வாளியை இறக்கிவிட்டு நழுவப் பார்த்தான்.

“எங்க போற? நில்லு.” அக்கா குழாயை விட்டாள். அது பாதிக்கு மேல் முங்கவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு ஆடியது. “அவளுக்கும் பதினெட்டு, ஒனக்கும் பதினெட்டு. அவ பால்ல குழாய் முங்குது. ஒன் பால்ல நீச்சலடிக்குது.”

“நேத்து ராத்திரி மழ லா, அக்கா.”

“மழ ஒன் மரத்துல மட்டும் பேஞ்சுச்சா?”

“என் மரமெல்லாம் பள்ளத்துல இருக்கு.”

“பள்ளத்துல தண்ணிக் கொழாயும் இருக்கு. அதையும் சேத்துச் சொல்லு.”

ராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீரமுத்துவும் சிரித்துவிட்டான். “கிராணியம்மாகிட்ட வாய் குடுக்க முடியாது,” என்று வாளியைக் கழுவப் போனான்.

இந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். ரப்பர் தண்ணீரை விட லேசானது. ரப்பர் அதிகம் உள்ள பால் லேசாக இருக்கும், அதில் குழாய் ஆழமாக முங்கும். தண்ணீர் கலந்த பால் அதை விடக் கனம், குழாயை மேலே தூக்கிவிடும். வாளியின் எடையில் இது தெரியாது. பதினெட்டு கிலோ என்றால் பதினெட்டு கிலோதான். ஒரே எடைக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதில்தான் தெரியும்.

ஒரே எடை. வேறு இடம்.

சட்டைப் பையில் இருந்த கட்டிகள் திடீரென்று கனத்தன. அந்தப் பெட்டி எடை பார்க்கவில்லை. இடத்தைத்தான் பார்த்தது. நூறு கிராம் வெள்ளிக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடத்தோடு செய்திருந்தார்கள். புதுக் கட்டிக்கு அந்த இடம் போதவில்லை.

“அக்கா, பால் சாம்பிள் நிறுக்குற அந்தச் சின்னத் தராசு வேல செய்யுதா?”

“செய்யும். எதுக்கு? மணி பதினொன்னே முக்கால். மொதல்ல பணத்த அனுப்புடா.”

“அனுப்புறதுக்கு முன்னால ஒண்ணு பாக்கணும்.”

“மூணு வாரமா வாங்கு வாங்குன்னு நீதான் காத அடைச்ச. இப்ப கடைசி மணியில என்னாத்தப் பாக்கப் போற?” அவள் குரல் உயர்ந்தது. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பேசினாள். “வெல ஏறிப் போச்சுன்னா அந்த வித்தியாசத்த நீ குடுப்பியா?”

“குடுக்குறேன்.”

அதைச் சொன்ன வேகத்தில் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து தராசை எடுத்து வைத்தாள்.

போனில் வெள்ளியின் அடர்த்தியைத் தேடினேன். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளி பத்தரை கிராம் இருக்கும். அப்படியானால் நூறு கிராம் வெள்ளி பிடிக்கும் இடம் ஒன்பதரை கன சென்டிமீட்டர். அந்த இடத்தில் தண்ணீர் இருந்தால் அதன் எடை ஒன்பதரை கிராம். இதில் வசதி என்னவென்றால், தண்ணீருக்கு மட்டும் இடமும் எடையும் ஒரே எண். கட்டி எவ்வளவு தண்ணீரைத் தள்ளுகிறது என்று நிறுத்தால் போதும்.

ஒரு டம்ளரைத் தட்டில் வைத்து விளிம்பு வரை நிரப்பி, பழைய கட்டியை உள்ளே விட்டு, தட்டில் வழிந்த தண்ணீரை நிறுத்தேன். 7.8. மறுபடி செய்தேன். 10.4. ஒரே கட்டிதான். தண்ணீர் விளிம்புக்கு மேல் குமிழாகத் திரண்டு நின்றது. ஒரு தடவை வழியாமல் பிடித்துக்கொண்டது, இன்னொரு தடவை பிடித்ததையும் சேர்த்துக் கொட்டியது. மூன்றாம் தடவை 8.9. இதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

போன் அடித்தது. யோகேந்திரன். மணி பன்னிரண்டு இருபது. அக்கா தன் ஈரக் கையாலேயே ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“ப்ரோ, அக்காவோடது இன்னும் வரலையே. நான் அஞ்சு கிலோவ ஒதுக்கி வச்சிருக்கேன். பின்னால நாலு பேரு கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க.”

“ஒரு சின்ன விஷயம் பாத்துக்கிட்டு இருக்கேன். கட்டியத் தண்ணியில போட்டு...”

“தண்ணியிலயா? ஐயோ ப்ரோ!” பதறினான். “தண்ணி பட்டா வெள்ளி கறுத்துடும். கறுத்தாலோ கீறல் விழுந்தாலோ நாங்க திருப்பி வாங்க மாட்டோம். ரூல்ஸ்ல போட்டிருக்கே. காந்தம் பாத்தீங்க, ஐஸ் பாத்தீங்க, எல்லாம் சரியாதான இருந்துச்சு?”

“இருந்துச்சு.”

“அப்புறம் என்னா? அக்காகிட்ட குடுங்க. அக்கா, உங்க தம்பி ரொம்ப யோசிக்கிறாரு. நல்ல நேரம் காத்திருக்காது அக்கா.”

“தண்ணி பட்டா வெள்ளி கறுக்குமா, தம்பி?” என்று அக்கா கேட்டாள்.

“கண்டிப்பா அக்கா.”

“எங்கம்மா போட்ட வெள்ளிக் கொலுச நாப்பது வருஷமா நான் போட்டுக்கிட்டுத்தான் குளிக்கிறேன். இரு, கூப்பிடுறேன்.” அழைப்பைத் துண்டித்தாள்.

அப்போதுதான் அவள் முகத்தில் முதன்முறையாகச் சந்தேகம் வந்தது. மேசையில் கொட்டிக் கிடந்த தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன்டா ஊத்தி ஊத்தி அளக்குற? குழாய மாதிரி மிதக்க விட்டுப் பாரு.”

“வெள்ளி மிதக்காது அக்கா. அடியில போய் ஒக்காந்துக்கும்.”

“அப்ப ஒக்கார விடாத. புடிச்சுக்க.”

நான் அவளையே பார்த்தேன். பிடித்துக்கொள்வது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

தண்ணீருக்குள் எதை விட்டாலும் தண்ணீர் அதை மேலே தள்ளும். எந்த அளவுக்குத் தள்ளும் என்றால், அது விலக்கிய தண்ணீரின் எடை அளவுக்கு. தண்ணீர் கட்டியை மேலே தள்ளும்போது, அதே அளவுக்கு டம்ளரைக் கீழே தள்ளுகிறது. கட்டியின் பாரத்தை நூலும் என் கையும் தாங்கிக்கொண்டால், தராசுக்குத் தெரிவது அந்தத் தள்ளல் மட்டும்தான். ஒரு சொட்டுகூட வழிய வேண்டியதில்லை.

அக்கா பையிலிருந்து தையல் நூல் எடுத்தாள். டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்தேன். பொத்தானை அழுத்தினேன். 0.0. பழைய கட்டியை நூலில் கட்டி இறக்கினேன். அடியில் படாமல், பக்கத்திலும் படாமல். கட்டியில் ஒட்டியிருந்த குமிழிகளை ஆட்டி உதிர்த்தேன். எண்கள் ஓடி நின்றன.

9.5.

எடுத்தேன். மறுபடி இறக்கினேன். 9.5. மூன்றாம் தடவையும் 9.5.

“இது சரியா?”

“இது சரி. இது வெள்ளி.”

புதுக் கட்டியைக் கட்டினேன். நூல் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அக்கா என் கையிலிருந்து வாங்கி அவளே முடிச்சுப் போட்டாள். இறக்கினேன்.

11.2.

வெளியே வீரமுத்துவின் வாளி சிமெண்டில் உருண்டு நின்றது.

“என்னோடதையும் பாரு,” என்றாள் அக்கா.

அவளுடைய கட்டி கைப்பையில் கைக்குட்டைக்குள் இருந்தது. வீட்டில் வைத்தால் திருட்டுப் போகும் என்று தினமும் வேலைக்குக் கொண்டுவந்து கொண்டுபோயிருக்கிறாள். முதல் தடவை என்பதால், பெட்டிகூட வாங்கவில்லை.

11.2.

நூறைப் பதினொன்று புள்ளி இரண்டால் வகுத்தேன். எட்டு புள்ளி ஒன்பது. போனில் பட்டியலைப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு நேராக இருந்தது செம்பு. அதோடு சேர்ந்து இன்னொன்றும் புரிந்தது. மின்சாரத்தையும் சூட்டையும் கடத்துவதில் செம்பு வெள்ளிக்கு அடுத்தபடியாக, ஏறக்குறைய அதே அளவுக்கு நிற்கிறது. காந்தம் செம்பிலும் தேனில் இறங்கும். ஐஸ் செம்பிலும் உருகி ஓடும். நான் பதினான்கு பேருக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு சோதனைகளும் செம்பு பாஸாகிவிடும் சோதனைகள். என் வீடியோவைப் பார்த்துத்தான் எதைக் கலந்து அனுப்பலாம் என்று அவன் முடிவு செய்தானோ என்னவோ.

“செம்பு அக்கா. மேல வெள்ளி முலாம் பூசியிருக்கான்.”

“நெசமாவா, கணக்குலயா?”

“கணக்குல.”

அவள் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பால் வெட்டும் கத்தியை எடுத்தாள். கீறினால் திருப்பி வாங்க மாட்டோம் என்ற விதியை நான் சொல்ல வாயெடுப்பதற்குள், தன் கட்டியின் மூலையில் கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளைச் சுருள் ஒன்று உரிந்து விழுந்தது. அதன் கீழே சிவப்பு.

கத்தியை மேசையில் வைத்தாள். கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒனக்கு இதுல என்ன கெடச்சுச்சு?”

அவள் கேட்டது அமைதியாகத்தான். பதில், நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது. மோகனாவிடம்கூட.

“ஆளுக்கு அம்பது வெள்ளி தந்தான்.”

“எனக்குமா?”

“ஆமா.”

“அக்காவ அம்பது வெள்ளிக்கு வித்திருக்க.” ஏப்ரனில் கையைத் துடைத்தாள். “ஒரு நூறாச்சும் கேட்டிருக்கலாம்ல.”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் தன் போனை எடுத்து, நான் திறந்து வைத்திருந்த வங்கிச் செயலியை மூடி, பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மீதிப் பணம் முழுவதும் அங்கேயே இருந்தது. பால் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன்.

“ஒக்காராத,” என்றாள். “மத்தவங்க?”

மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. குழுவில் எழுதினேன்: “யாரும் பணம் கட்டாதீங்க. புதுக் கட்டி வெள்ளி இல்ல.” அனுப்பி முடிப்பதற்குள் திரையில் ஒரு வரி வந்தது. நான் தொடங்கிய குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தான் யோகேந்திரன். நான் எழுதியதையும் அழித்திருப்பான். எத்தனை பேர் அதற்குள் பார்த்தார்களோ.

ஒருவர் பார்த்திருந்தார். சித்திக் அண்ணன் அழைத்தார். கடைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கறாராக இருந்தது.

“என்னா தம்பி இது? நேத்து வரைக்கும் வாங்குங்கன்னீங்க. இன்னைக்கு வேணாங்குறீங்க. ஒங்களுக்கும் அந்தப் பையனுக்கும் பங்குல சண்டையாம், அவன் குழுவுல போட்டிருக்கான். நான் யாரத்தான் நம்புறது?”

“அண்ணே, சத்தியமா சொல்றேன், என்ன நம்புங்க...”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. பத்து நிமிஷத்துல தொழுகைக்குக் கெளம்பணும். தெளிவா எதாச்சும் இருந்தா அனுப்புங்க.” வைத்துவிட்டார்.

நான் போனைப் பிடித்தபடி நின்றேன். பங்குச் சண்டை. ஐம்பது வெள்ளி வாங்கியவன் அதை மறுக்கவும் முடியாது.

“இப்ப என்னான்னு சொல்றது?”

அக்கா மேசையில் கிடந்த தையல் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “வீரமுத்துகிட்ட நீ தண்ணி கலந்தவன், நான் யோக்கியக்காரின்னா சண்ட போட்டேன்? குழாய விட்டேன். அவனே பாத்தான். நம்புங்க நம்புங்கன்னு சொல்லாத. வெள்ளி வாங்குற எல்லாருட்டயும் தராசு இருக்கும். எப்படிப் பாக்குறதுன்னு சொல்லு.”

“அம்பது வெள்ளி வாங்குனதையும் சொல்லவா?”

“அத மொதல்ல சொல்லு. அப்பத்தான் மீதியக் கேப்பாங்க.”

குழு போய்விட்டது, எண்கள் என்னிடம் இருந்தன. பதினான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். அக்கா டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே வந்தாள். எதையும் விட்டுவிடாமல் இருக்க நான் அவள் கையைப் பார்த்துப் பேசினேன்.

“நான் ஹேமநாதன் பேசுறேன். ஒங்கள சேத்து விட்டதுக்கு ஆளுக்கு அம்பது வெள்ளி வாங்குனேன், அது தப்பு. இப்ப என்ன நம்ப வேணாம், நீங்களே பாருங்க. ஒரு டம்ளர்ல முக்கா அளவு தண்ணி ஊத்துங்க. டிஜிட்டல் தராசு மேல வச்சு, பட்டன அமுக்கி சைபராக்குங்க. கடைசியா வாங்குன நூறு கிராம் கட்டிய தையல் நூல்ல கட்டி, தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க. அடியிலயோ பக்கத்துலயோ படக்கூடாது. குமிழி ஒட்டியிருந்தா ஆட்டி விடுங்க. இப்ப நம்பரப் பாருங்க. ஒம்போதரை வரணும். பதினொண்ணுக்கு மேல வந்துச்சுன்னா அது வெள்ளி இல்ல, பணம் கட்டாதீங்க.”